எண்ணைப் பார்த்து எண்ணெய் வாங்குங்கள்: பழைய மில்லிங் மெஷினுக்கு ஆயில் தேர்ந்தெடுக்கும் முறை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் வயலோடு தொடர்புடையவை. பம்புசெட் ஷாஃப்டில் கீவே வெட்டுவது, அரிசி ஆலையில் தேய்ந்துபோன பல்சக்கரத்துக்கு மாற்று செய்வது, அறுவடைக் காலத்தில் நள்ளிரவில் வந்து நிற்கும் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்குப் புதிய புஷ் போடுவது என்று வரும் வேலைகளுக்கு லேத்து மட்டும் போதாது என்பதால், ஏலத்தில் எடுத்த பழைய இங்கிலாந்து மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் இரும்பைச் செதுக்குவது) ஒன்றைத் திருச்சிப் பக்கத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெயர்த்தகடு தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது, கையேடு கிடையாது, எந்த இடத்துக்கு என்ன ஆயில் என்று சொல்ல ஆளும் இல்லை.

அன்று எனக்குக் கிடைத்த யோசனை, "கியர் ஆயில் 90-ஐ எல்லாத்துக்கும் ஊத்து, கெட்டியா இருக்கும், தேயாது" என்பதுதான். அப்படியே ஊற்றினேன். நான்கு மாதத்தில் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) தலைப்பகுதியில் கையை வைத்து ஐந்து வரை எண்ண முடியாத அளவுக்குச் சூடு ஏறியது. மேசையை நகர்த்தும் ஃபீட் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே இருந்த கன்மெட்டல் (செம்பு கலந்த உலோகம்) வார்ம் வீல், அதாவது திருகுபோன்ற வார்மோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரம், வெண்கலப் பானையை அடுப்பில் வைத்து மறந்ததுபோல் கறுத்துக் கிடந்தது. இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான்: ஆயிலைக் கெட்டித்தன்மை என்ற ஒற்றைக் குணமாகவே பார்த்தேன். மெஷினுக்குள் ஒவ்வோர் இடமும் வேறு வேலை செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய எண் வேறு, ஆயிலில் கலந்திருக்கும் வேதிச் சேர்மானம் வேறு.

எண் என்பது எது?

தொழிற்சாலை ஆயில் டப்பாவின் மேல் 32, 46, 68, 100, 150, 220 என்று காணப்படும் எண், ஐ.எஸ்.ஓ. 3448 என்ற தரநிலை 1975-இல் வகுத்த பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை) எண். 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் பாகுநிலை எத்தனை சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) என்பதை அது சொல்கிறது. பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். 68 என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது 61.2-க்கும் 74.8-க்கும் இடைப்பட்டது. வரிசையில் ஒரு படி ஏறினால் பாகுநிலை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

குழப்பம் வருவது இந்த எண்ணால் அன்று, இதற்கு முந்தைய எண்களால்தான். நம் பட்டறைகளில் ஓடும் பழைய மெஷின்கள் பலவும் 1975-க்கு முன்பே வடிவமைக்கப்பட்டவை. அமெரிக்கக் கையேடுகளில் சேபோல்ட் விநாடி என்ற கணக்கு இருக்கும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 150 விநாடி என்றால் இன்றைய 32, 300 விநாடியையொட்டி இருந்தால் 68, 1000 விநாடி என்றால் 220 என்று கொள்ளலாம். ஜெர்மன் கையேட்டில் 50 டிகிரியில் இத்தனை எங்லர் என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை 7.6-ஆல் பெருக்கினால் 50 டிகிரியில் உள்ள சென்டிஸ்டோக் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 4.5 எங்லர் என்றால் 34 சென்டிஸ்டோக். அது 46-க்கும் 68-க்கும் நடுவில் விழும் ஆயில். இன்னும் சில கையேடுகளில் ஷெல் டெல்லஸ் 27 என்பதுபோல் ஆயிலின் பெயரே எண்ணோடு இருக்கும். அந்த 27 நிறுவனம் தன் சரக்குக்கு வைத்த வரிசை எண். பாகுநிலை என்று எண்ணி அதற்கு நெருங்கிய ஆயிலைத் தேடி அலையக்கூடாது.

வண்டி ஆயில் எண்கள் வேறொரு கணக்கு. எஞ்சின் ஆயில் 20 என்பது தொழிற்சாலைக் கணக்கில் 46-க்கும் 68-க்கும் இடையில் வரும், 30 என்பது 100 அளவில் வரும். கியர் ஆயில் 90 என்பது 150 முதல் 220 வரை வரும். கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோல்கள் தனித்தனி என்பதால், கியர் 90-ம் எஞ்சின் 50-ம் பாகுநிலையில் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று மற்றொன்றைவிட இரு மடங்கு கெட்டி என்று நம்புகிறவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள். அதேபோல, டிராக்டருக்கு வாங்கி மீந்த 15டபிள்யூ-40, 40 டிகிரியில் 100-ஐத் தாண்டி நிற்கும். "15 தானே, தண்ணி மாதிரி இருக்கும்" என்று அதை ஸ்பிண்டிலில் விட்டால் சூடு ஏறத்தான் செய்யும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு திருத்தம்

இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ எழுதப்பட்ட கையேடு, பட்டறையின் உள்வெப்பம் 18 அல்லது 20 டிகிரி என்று மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. நம் பட்டறையில் மார்கழி விடியற்காலையில் மட்டுமே அந்த நிலை வரும். மற்ற நாட்களில் தகரக் கூரையின் கீழ் 33 டிகிரி என்பது சாதாரணம். ஓடும்போது கியர்பெட்டி சுற்றுப்புறத்தைவிட 20 டிகிரி அதிகமாகச் சூடாகும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 38 டிகிரியில் ஓடும் 46 எண் ஆயில் 50 சென்டிஸ்டோக் அளவில் நிற்கிறது. அதே ஆயில் இங்கே 53 டிகிரியில் 27-க்கு இறங்கிவிடும். 68-ஐ ஊற்றினால் 38 அளவுக்கு வரும். ஆகவே கியர்பெட்டிக்குக் கையேடு சொல்வதைவிட ஒரு படி மேலே போவது இங்கே நியாயமானது. இரண்டு படி போக வேண்டாம். மார்கழியில் காலை முதல் ஸ்டார்ட்டின்போது ஆயில் பம்பு அதை இழுக்கத் திணறும்.

வேகமாகச் சுழலும் ஸ்பிண்டிலுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. அங்கே ஆயிலைக் கெட்டியாக்கினால், ஆயிலைக் கலக்குவதிலேயே பேரிங் சூடாகும். சூடானால் ஷாஃப்ட் விரிந்து இடைவெளி குறையும். குறைந்தால் இன்னும் சூடாகும். என் மெஷினில் நடந்தது இதுதான்.

இடம் இடமாக

கியர்பெட்டியில் தொடங்கலாம், ஏனெனில் அதுதான் எளிது. நெட்டை உடம்புக்குள் எஃகுப் பற்சக்கரங்கள் ஆயிலில் முங்கியோ, பம்பு தெளிக்க நனைந்தோ ஓடுகின்ற சாதாரண மில்லிங் மெஷினுக்கு, 68 எண் ஹைட்ராலிக் ஆயில் அல்லது சர்குலேட்டிங் ஆயில் போதும். சர்வோசிஸ்டம் 68, என்க்ளோ 68, ஹைஸ்பின் ஏ.டபிள்யூ.எஸ். 68 என்பவை எல்லாம் இந்த வகைதான். இவற்றில் துரு தடுக்கவும், ஆயில் கெட்டுப்போகாமல் இருக்கவும், தேய்மானத்தைக் குறைக்கவும் சேர்மானங்கள் உண்டு. நுரையும் அதிகம் எழாது. பெயர் எதுவாயினும் எண்ணும் வகையும் ஒத்திருந்தால் போதும். இவற்றில் எது சிறந்தது என்று டீக்கடையில் நடக்கும் விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. கிடைத்த ஒன்றையே தொடர்ந்து ஊற்றுவதுதான் முக்கியம். ஒரு நிறுவனத்தின் ஆயிலோடு மற்றொன்றைக் கலந்தால், சேர்மானங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் நுரைக்கவோ மண்டி கட்டவோ வாய்ப்புண்டு.

ஸ்பிண்டிலைப் பொறுத்தவரை, முதலில் அதன் பேரிங் எதிலிருந்து ஆயில் பெறுகிறது என்று பாருங்கள். ஸ்பிண்டில் படுக்கைவாக்கில் உள்ள மெஷின்களில் பெரும்பாலும் கியர்பெட்டி ஆயிலே டேப்பர் ரோலர் பேரிங்குக்கும் போகும். அதற்குத் தனி ஆயில் தேவையில்லை, 68-க்கு மேல் போகாமல் இருந்தால் சரி. பிரிட்ஜ்போர்ட் வடிவத்தில் நின்றவாக்கில் தலை வைத்த மெஷின்களில் ஸ்பிண்டிலுக்குத் தனி ஆயில் குடுவை இருக்கும்; அதற்கு 22 அல்லது 32 எண் கொண்ட மெல்லிய ஸ்பிண்டில் ஆயில் வேண்டும். சில மெஷின்களில் பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்து மூடியிருப்பார்கள். அவற்றில் ஆயில் விட்டால் கிரீஸ் கரைந்து வெளியேறிவிடும், விடக்கூடாது. கட்டர் மாட்டும் தண்டான ஆர்பரின் வெளி முனையைத் தாங்கும் கைக்குள் உள்ள கன்மெட்டல் புஷ்ஷைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் தலையிலுள்ள சிறு மூடியைத் திறந்து ஒவ்வொரு காலையும் 68-இல் சில சொட்டு விட வேண்டும். மறந்த நாளில் அது கிறீச்சிட்டு நினைவூட்டும், அதற்குள் ஆர்பரில் கீறல் விழுந்திருக்கும்.

மேசை, அதற்கு அடியிலுள்ள சாடில், 'நீ' ஆகியவை வழுக்கும் தளங்களுக்கு வருவோம். (மேசையைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதிக்குப் பட்டறைப் பெயர் 'நீ' என்பதுதான். புதிதாக வந்த பையனிடம் "நீயைக் கொஞ்சம் தூக்கு" என்றால் முதல் நாள் விழித்துக்கொண்டு நிற்பான்.) இங்கே கியர்பெட்டி ஆயில் போதாது என்பதை எந்த நூலும் படிக்காமலே கையால் அறியலாம். டயலில் இரண்டு கோடு மட்டும் திருப்புங்கள்: மேசை அசையாது. இன்னொரு கோடு திருப்பினால் திடீரென்று மூன்று கோட்டுக்குமாகச் சேர்த்துத் துள்ளும். மெதுவான நகர்வில் இரும்பும் இரும்பும் இடையிலுள்ள ஆயிலைப் பிதுக்கித் தள்ளிவிட்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்வதும், பிறகு விடுபட்டுத் துள்ளுவதுமே இதற்குக் காரணம். ஸ்லைடுவே ஆயில் என்று விற்கப்படும் வகையில், இந்தப் பற்றுதலைத் தணிக்கும் சேர்மானமும், வழிந்தோடாமல் தளத்தில் ஒட்டி நிற்கச் செய்யும் பசைத்தன்மையும் உண்டு. விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்தால், சர்க்கரைப் பாகு பதம் பார்ப்பதுபோல் மெல்லிய இழை எழும். ஹைட்ராலிக் ஆயிலில் அந்த இழை எழாது. மோபில் வாக்ட்ரா நம்பர் 2 என்பது இந்த வகையில் 68 எண்ணுக்கு உலகெங்கும் அறியப்பட்ட பெயர். இங்குள்ள நிறுவனங்களும் இதே வகையில் ஆயில் தருகின்றன. அதே வரிசையில் நம்பர் 4 என்பது 220. அது பெரிய, கனமான, செங்குத்துத் தளங்களுக்கானது. நம்மைப் போன்றவர்களின் மெஷினுக்கு 68 போதும்.

ஸ்லைடுவே ஆயிலுக்கு இன்னொரு குணம் உண்டு: பால்போல் வெள்ளையாக ஓடும் கூலன்ட் தண்ணீரோடு அது கலக்காது. ஒரு கண்ணாடி பாட்டிலில் கூலன்டையும் ஆயிலையும் பாதிப் பாதி ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். நல்ல ஸ்லைடுவே ஆயில் மோரின் மேல் நிற்கும் வெண்ணெய்போல் பிரிந்து மேலே வந்து நிற்கும். எஞ்சின் ஆயிலை வைத்து இதைச் செய்தால் மாலை வரை காபி நிறத்தில் கலங்கியே இருக்கும். அப்படிக் கலக்கும் ஆயில் மேசைக்கு அடியில் நீரைச் சுமந்து செல்லும். துரு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இந்தச் சோதனையைத் தவறவிட வேண்டாம் என்று சொல்வேன்.

இவ்வளவு நல்ல ஆயில் என்றால் கியர்பெட்டிக்கும் இதையே ஊற்றிவிடலாமே என்ற ஆசை வரும். வேண்டாம். உள்ளே ஆயிலில் நனைந்து ஓடும் பல தட்டு கிளட்ச் இருந்தால், பற்றுதலைத் தணிக்கும் சேர்மானம் அந்தக் கிளட்சையும் வழுக்கச் செய்யும். மெஷின் பாரம் எடுக்கும்போது ஃபீட் நின்றுபோகும். இதற்கு நேர் எதிராக, கியர்பெட்டி ஆயிலை அவசரத்துக்குத் தளங்களில் விடலாம். துடைத்துக்கொண்டு ஓடிவிடும் என்பதால் நாளுக்கு இரண்டு மூன்று முறை விட வேண்டும், அவ்வளவுதான்.

தளங்களுக்கு ஆயில் செலுத்தும் நிப்பிள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய மெஷின்கள் பலவற்றில் கிரீஸ் நிப்பிள்போலவே தோற்றமளிக்கும் நிப்பிள் உண்மையில் ஆயிலுக்கானது. கண்டதும் கிரீஸ் கன்னை எடுத்து அழுத்தினால், பென்சில் முள் அளவே உள்ள உள்வழிகளில் கிரீஸ் போய் இறுகி அடைத்துவிடும். நான் வாங்கிய மெஷினின் சாடிலைக் கழற்றியபோது வழிகள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் மெழுகாகி நின்றது. சைக்கிள் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. திரி வைத்த ஆயில் கோப்பைகள் இருந்தால் திரியையும் மாற்றிவிடுங்கள். விளக்குத் திரியில் கசடு ஏறினால் சுடர் மங்குவதுபோல, அங்கேயும் கசடு ஏறிய திரியில் ஆயில் ஏறாது.

கன்மெட்டலுக்குத் தனிக் கவனம்

கறுத்துப்போன அந்த வார்ம் வீலுக்கு வருகிறேன். வண்டி டிஃபரன்ஷியலுக்கான ஜி.எல்.-5 வகைக் கியர் ஆயிலில், கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்மானம் அதிகம் உண்டு, ஜி.எல்.-4 வகையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. எஃகுப் பற்கள் ஒன்றையொன்று நசுக்கும் இடத்தில் அந்தக் கந்தகம் எஃகோடு வினைபுரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அதே கந்தகம், சூடான நிலையில் செம்பு கலந்த உலோகத்தோடும் வினைபுரியும். அங்கே படலம் காப்பாக நிற்காமல், வார்ம் உரச உரசத் துகளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். கன்மெட்டல் வார்ம் வீல், கன்மெட்டல் நட்டு, புஷ் என்று செம்பு கலந்தவை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் 'வினைபுரியும் கந்தகம் இல்லாத' ஆயிலையே தேர்ந்தெடுக்க வேண்டும். மோட்டாரால் ஓடும் வார்முக்கு 220 எண் கொண்ட, கந்தகச் சேர்மானமற்ற ஆயில் பொருத்தமாக இருக்கும். வேலைத்துண்டைச் சம பாகங்களாகத் திருப்பும் டிவைடிங் ஹெட்டில் வார்மைக் கையால்தான் சுற்றுகிறோம் என்பதால் அங்கே அழுத்தமும் இல்லை, சூடும் இல்லை. 68 ஸ்லைடுவே ஆயிலே போதும்.

இக்காலத்து ஜி.எல்.-5 ஆயில்கள் சிலவற்றில் செம்பைக் காக்கும் சேர்மானமும் இருக்கிறது. ஆகவே பெயரை வைத்து அஞ்சவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம், சோதித்துப் பார்த்துவிடலாம். ஏ.எஸ்.டி.எம். டி 130 என்ற சோதனையில், மெருகேற்றிய செப்புத் தகட்டை ஆயிலில் முக்கி, பெரும்பாலும் 100 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து, நிறமாற்றத்தை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் செம்பு ஏறக்குறையப் புதிதுபோல் இருக்கிறது. 4 என்றால் கறுத்துவிட்டது. ஆயிலின் விவரத்தாளில் இந்தத் தரம் அச்சிட்டிருக்கும். கடைக்காரரிடம் கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். தாள் கிடைக்காதவர்கள் பட்டறையிலேயே செய்யலாம். கும்பகோணம் பாத்திரக் கடைத்தெருவில் விரல் அகலத்துக்கு ஒரு செப்புத் தகட்டுத் துண்டு வாங்கி, புளி போட்டுத் துலக்கி, கழுவி உலர்த்தி, பிறகு மெல்லிய எமரித் தாளால் புது ரத்தம்போல் சிவக்கும் வரை தேயுங்கள். அதன் பிறகு விரல் படக்கூடாது. சோதனைக் குழாயில் ஆயிலோடு அதைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் மூன்று மணி நேரம் நிறுத்தி வையுங்கள். நான் என் கியர் ஆயில் 90-ஐ அப்படி வைத்தபோது முதலில் ஆரஞ்சு, அடுத்து மயில் கழுத்தின் ஊதா, கடைசியில் அடுப்புக்கரி என்று நிறம் மாறியது. பக்கத்துக் குழாயில் ஹைட்ராலிக் 68-இல் இருந்த துண்டு எடுத்தபோதும் சிவப்பாகவே இருந்தது. இந்த இரண்டு துண்டுகளும் இப்போது பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன.

ஊற்றக்கூடாதவை

எஞ்சின் ஆயில் கெட்ட ஆயில் அன்று, இடம்தான் தவறு. எஞ்சினில் வடிகட்டி இருப்பதால், கரியையும் கசடையும் மிதக்கவைத்து வடிகட்டிக்கு அனுப்பும் சேர்மானம் அதில் உண்டு. பழைய மில்லிங் மெஷினின் கியர்பெட்டியில் வடிகட்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே கசடு அடியில் படிய வேண்டும், தண்ணீர் பிரிந்து கீழே நிற்க வேண்டும். எஞ்சின் ஆயிலோ இரண்டையும் கலந்துகொண்டு பற்களுக்கிடையே சுற்றிவரும்.

விளக்கெண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். மசகு எண்ணெய் என்று இன்று நூல்களில் எழுதும் சொல்லில் உள்ள 'மசகு', மாட்டுவண்டி அச்சில் தடவிய கரிய மையின் பெயர்தான். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போட்டார்கள். மெதுவாகச் சுழன்ற மரச்சக்கரத்துக்கு அது அருமையாக உழைத்தது. ஆனால் தாவர எண்ணெய் பெரும்பாலும் காற்றுப் பட்டால் நாளடைவில் பிசினாக இறுகும். தேங்காய் எண்ணெயோ மார்கழிக் குளிரில் உறைந்தே போகும். மெஷினின் நுண்ணிய ஆயில் வழிக்குள் இவை எதுவும் போகக்கூடாது. கழிவு ஆயிலைத் துணியில் வடிகட்டி ஊற்றுவது சிக்கனம் என்று எண்ணுகிறவர்களுக்கு: துணியில் நிற்காத இரும்புத் தூள்தான் மேசையைத் தேய்க்கிறது.

வாங்கும்போது

தொழிற்சாலை ஆயில்கள் 20 லிட்டர் வாளியாகவும் 210 லிட்டர் பேரலாகவும் வருகின்றன. நமக்கு வேண்டியது வாளிதான். ஸ்பிண்டில் ஆயில் அதிலும் மிகக் குறைவாகவே செலவாகும் என்பதால், பக்கத்துப் பட்டறையோடு சேர்ந்து ஒரு வாளி வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. பேரலிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலை ஒருமுறை வாங்கினேன். 68 என்றுதான் சொன்னார்கள். ஆறு மாதத்தில் ஆயில் கண்ணாடிக்குள் பழுப்பு அரக்குபோல் படலம் படிந்தது. அதன் பிறகு சீல் உடையாத வாளியைத் தவிர வேறு எதையும் வாங்குவதில்லை.

லூஸ் ஆயிலை வாங்கித்தான் தீர வேண்டுமென்றால், பாகுநிலையை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து, ஒன்றில் நம்பகமான 68 ஆயிலையும் மற்றதில் வாங்கிய ஆயிலையும், மேலே ஒரே அளவு காற்று விட்டு நிரப்பி மூடுங்கள். இரண்டையும் ஒரே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்த பின், ஒன்றாகக் கவிழ்த்து, காற்றுக்குமிழி மேலேறும் நேரத்தைக் கவனியுங்கள். நேரத்தின் விகிதம் ஏறத்தாழப் பாகுநிலையின் விகிதமே. நம்முடையது ஆறு விநாடியும் கடைக்காரருடையது மூன்று விநாடியும் எடுத்தால், அவர் தந்தது 68 அன்று, 32-ஐ ஒட்டியது. இந்தச் சோதனை பாகுநிலையை மட்டுமே சொல்லும், சேர்மானத்தைச் சொல்லாது.

புதிய ஆயில் ஊற்றும் முன்

மெஷினை அரை மணி நேரம் ஓடவிட்டு, சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்குங்கள்; குளிர்ந்தால் கசடு அடியிலேயே தங்கிவிடும். இறங்கும் ஆயிலில் ஒரு கரண்டியை வெள்ளை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பொன்துகள்போல் மின்னினால் கன்மெட்டல் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் சாம்பல் பசை எஃகுத் தேய்மானம், கொஞ்சம் இருப்பது இயல்பு. கண்ணுக்குத் தெரியும் செதில் இருந்தால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஓட்டக்கூடாது. பாலாடை நிறமாக இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் சூடான இரும்புத் தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பதுபோல் சடசடக்கும்.

பெட்டியைக் கழுவ மண்ணெண்ணெயும் டீசலும் வேண்டாம். மூலைகளில் தங்கிப் புதிய ஆயிலை நீர்க்கச் செய்யும். விலை குறைந்த 32 ஆயிலை ஊற்றி, குறைந்த வேகத்தில் கால் மணி நேரம் ஓட்டி இறக்குவதே சரியான கழுவல். பனியன் வேஸ்டால் உள்ளே துடைக்க வேண்டாம். நூலிழை பம்பின் சல்லடையில் போய் அடைக்கும். நூல் பிரியாத பழைய வேட்டித் துணி நல்லது. இறக்கிய ஆயிலை வாய்க்காலில் விடக்கூடாது. அந்த வாய்க்கால் யாரோ ஒருவரின் நாற்றங்காலுக்குத்தான் போகிறது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும்.

ஆயில் மாற்றும் நாள் குறித்து எங்கள் பகுதியில் ஆயுத பூஜைதான் வழக்கம். நான் அதை மாற்றிக்கொண்டேன். ஆயுத பூஜை முடிந்த சில வாரங்களில் ஐப்பசி அடைமழை தொடங்கிவிடும். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி ஈரக் காற்றை உள்ளே இழுத்து, புது ஆயிலில் தண்ணீரைச் சேர்த்துவிடும். ஆகவே பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்து அளவு மட்டும் பார்ப்பது, மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை ஓட்டுவதற்கு முன் வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தி அடியில் நிற்கும் தண்ணீரை இறக்குவது, பொங்கலுக்குப் பட்டறை மூடியிருக்கும் நாட்களில் ஆயிலை மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். சம்பா அறுவடை வேலைகள் குவியும்போது மெஷின் புது ஆயிலோடு தயாராக இருக்கும். பேரல் வைத்திருப்பவர்கள் அதை வெளியில் நிமிர்த்தி வைக்கக்கூடாது. மேல்மூடியில் தேங்கும் மழைநீரை, இரவில் குளிர்ந்து சுருங்கும் பேரல் திருகின் வழியே உறிஞ்சிவிடும். படுக்கவைத்து, இரண்டு திருகுகளும் கடிகார முள் மூன்று, ஒன்பது என்று காட்டும் மட்டத்தில் இருக்குமாறு வைத்தால் ஆயில் உள்ளிருந்து திருகை மூடி நிற்கும், தண்ணீர் புகாது.

புதிய ஆயிலை ஆயில் கண்ணாடியின் நடுக்கோட்டுக்கு மேல் நிரப்ப வேண்டாம். அதிகமானால் பற்கள் அடித்து நுரையாக்கும். ஆயில் கேன் ஒவ்வொன்றின் மூடியிலும் பெயின்டால் 32, 68, 'வழுக்கு 68', 220 என்று எழுதி, அதே எண்ணை மெஷினில் ஆயில் விடும் துளைக்குப் பக்கத்திலும் எழுதிவிடுங்கள். அவசரத்தில் கேனை எடுக்கும் பையனுக்கு அதுவே கையேடு. முதல் இரண்டு வாரம் ஓடிய பின் கியர்பெட்டி ஆயிலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அதே எவர்சில்வர் தட்டில் மீண்டும் வெயிலில் வையுங்கள். முதலில் இறக்கியதைவிட மின்னல் குறைந்திருந்தால் அதையே தொடருங்கள். குறையவில்லை என்றால் ஆயிலை மாற்றுவதில் பயனில்லை, பெட்டியைத் திறக்க வேண்டும்.